இடது கையால் திறக்கும் கதவு

இன்று காலை காரின் கதவுப் பையில் கையை விட்டபோது விரலெல்லாம் எண்ணெய் ஒட்டியது. எடுத்துப் பார்த்தால் உன் தைலக் குப்பி. பச்சை மூடியை நீ என்றைக்குச் சரியாகத் திருகினாய்? பாதி கசிந்து, அடியில் கிடந்த பழைய காகிதங்களையெல்லாம் ஊற வைத்துவிட்டது. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு ஓட்டினேன். வாசனை போகவில்லை. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன் தைலம் மட்டும் இன்னும் என் காரில்தான் வேலைக்குப் போய்வருகிறது.

என் தோள் வலிக்கென்று நீ வாங்கி வைத்தது அது. எனக்குத் தோள் வலி இருந்ததே இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது சொல்லாதவள் இப்போது எழுதி என்ன கிழிக்கப் போகிறாள் என்று நீ கேட்பாய். கேள். எனக்கு அது வேண்டியதுதான்.

கடலுக்கு இந்தக் கரையில், பிறை டவுனில் ஒரே அடுக்குமாடியில் இருந்தோம். நீ நான்காவது மாடி, நான் இரண்டாவது. வேலை கடல் பாலத்தைத் தாண்டித் தீவில், பாயான் பாருவில். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கம்ப்யூட்டர் சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. கம்பெனி பஸ் ஊரெல்லாம் சுற்றிப் போகும் என்று நீ உன் மோட்டார் சைக்கிளில் போனாய். பின்னால் நான் தொற்றிக்கொண்டேன். பதினோரு வருஷம் அந்தப் பாலத்தை உன் முதுகைப் பார்த்தபடியே கடந்திருக்கிறேன்.

அந்த முதுகை மறக்க முடியுமா? கம்பெனி கொடுத்த கறுப்பு ஜேக்கெட்டை நீ முன்பின்னாகத் திருப்பித்தான் போடுவாய். இங்கே மோட்டார் ஓட்டுகிற எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான் அது. காற்று நேராக நெஞ்சில் அடிக்காது. ஆனால் ஜிப் முதுகுப் பக்கம் போய்விடும். தனியாகப் போகிறவர்கள் அதைத் திறந்தே விட்டுவிடுவார்கள், முதுகில் இரண்டு பக்கமும் படபடவென்று அடித்துக்கொண்டே போகும். உனக்குப் பின்னால் நான் இருந்தேன். ஏறி உட்கார்ந்ததும் இடுப்பிலிருந்து கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டு, தோளில் ஒரு தட்டு தட்டுவேன். அப்புறம்தான் நீ கியரைப் போடுவாய்.

"இந்த ஜிப்பைப் போடத்தான்டி உன்னை ஏத்திட்டுப் போறேன். வேற எதுக்கு நீ ஒதவப் போற?" என்பாய்.

பாலத்தின் ஓரத்தில் நமக்கென்று ஒரு பாதை. பக்கத்தில் லோரிகள் போகும்போது வண்டி ஒரு முழம் தள்ளாடும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். நீ பயந்தது லோரிக்கு இல்லை, காருக்குத்தான். "லோரிக்காரன் சத்தம் போட்டுட்டு வருவான்லா, தெரியும். கார்ல இருக்கிறவன் கண்ணுக்கு நாம படவே மாட்டோம். அவனுக்கு பஸ் தெரியும், போலீஸ் தெரியும், எதிர்த்த கடையில என்ன போட்டு வச்சிருக்கான்னு தெரியும். நாம மட்டும் தெரிய மாட்டோம்" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்திக்கொண்டே ஓட்டுவாய்.

ஒருநாள் பாலத்தில் ஏறுமுன் ஒரு கார் விளக்கும் போடாமல் நம் முன்னால் வந்து விழுந்தது. நீ பிரேக்கை அழுத்தியதில் என் மூக்கு உன் ஹெல்மெட்டில் இடித்து ரத்தம் வந்துவிட்டது. நீ வண்டியை நிமிர்த்தி ஓட்டிக்கொண்டே போனாய். நான்தான் அடுத்த சிக்னலில் அந்தக் காரின் கண்ணாடியைத் தட்டி, "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கத்தினேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. அதற்காக நான் நிறுத்தவுமில்லை. நம் இருவரில் கார்க்காரர்களை அதிகம் திட்டியவள் நான்தான் என்பதை நீ ஒத்துக்கொள்வாய்.

பிறகு நான் கார் வாங்கினேன். மழையில் நனைந்தது போதும் என்றார் என் வீட்டுக்காரர். நீயும் நானும் வேறு வேறு ஷிப்டுக்கு மாறியிருந்த நேரம் அது. தப்பில்லை, கார் வாங்குவது பாவமில்லை. ஆனால் பத்தே நாளில் நான் எப்படி மாறினேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஷிப்டு மாறுகிற நேரத்தில் கேண்டீனில் உட்கார்ந்து, "இந்த மோட்டார்காரனுங்க எங்கேருந்துதான் மொளைக்கிறானுங்கன்னே தெரியலடி" என்று உன்னிடமே சொன்னேன்.

நீ தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தினாய். "பதினோரு வருஷம் நீ மொளைச்ச எடத்துலேருந்துதான்" என்றாய். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அந்த வருஷத் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை உனக்கு முழுதாக நினைவிருக்காது. உனக்கு நினைவில்லாததுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. லிட்டில் இந்தியாவில் சேலை எடுக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். நீ ஆயர் ஈத்தாமில் உன் அக்காவைப் பார்த்துவிட்டு மோட்டாரில் வருவதாகச் சொன்னாய். நான் காரில் வந்துவிட்டேன். நிறுத்த இடமில்லை. பூக்கடைகள் இருக்கும் அந்த ஒருவழித் தெருவில், ஓரமாக நின்ற கார்களை ஒட்டி இரண்டாவது வரிசையாக நிறுத்திக்கொண்டேன். ஐந்து நிமிஷம்தானே என்று எல்லாரும் செய்வதுதான். பொழுது சாய்கிற நேரம். கடைகளில் விளக்கு போட்டுவிட்டார்கள், ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு பாட்டு.

நீ போன் செய்தாய். "எங்கடி இருக்க?"

"பூக்கடை முன்னால. சீக்கிரம் வா, பின்னால வர்றவன் ஹாரன் அடிச்சே கொன்னுருவான்."

"நில்லு, தெரு மொனைக்கு வந்துட்டேன். ரெண்டே நிமிஷம்."

இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும் எனக்கு? நீ மோட்டாரில் வருகிறாய் என்று தெரியும். ஒருவழித் தெரு, பின்னாலிருந்துதான் வர முடியும் என்றும் தெரியும். முன்னால் நடைபாதையில் யாரோ ஒரு பெண் உன்னைப் போலவே கறுப்பு ஜேக்கெட்டோடு போவது தெரிந்தது. எங்கேயோ வண்டியை நிறுத்திவிட்டு நடக்கிறாய் போலிருக்கிறது என்று நினைத்து, உன்னைக் கூப்பிட, வலது கையால் கதவை அகலமாகத் தள்ளித் திறந்தேன்.

உன்னைத் தேடத்தான் திறந்தேன். அந்தக் கதவில்தான் நீ மோதி விழுந்தாய்.

உன் ஜேக்கெட்டின் முதுகில், வெளிச்சம் பட்டால் மின்னும் வெள்ளைப் பட்டை ஒன்று உண்டு. நீ திருப்பிப் போட்டிருந்ததால் அது உன் நெஞ்சில் இருந்தது. அத்தனை கடை விளக்கும் அதில் பட்டிருக்கும். பக்கக் கண்ணாடியில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். மயிரிழைக் கீறலை மைக்ரோஸ்கோப்பில் கண்டுபிடிக்கிறவள் என்று வருஷா வருஷம் கம்பெனியில் கைதட்டல் வாங்கினவள் நான். உள்ளங்கை அகலக் கண்ணாடியில் ஒரு ஆளே வருவதைப் பார்க்கவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. பூக்கடைக்காரர் தண்ணீரோடு ஓடி வந்து, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். நீ கண் மூடிக் கிடக்கிறாய், உன் கால் கோணலாகத் திரும்பியிருக்கிறது. என் வாயிலிருந்து முதலில் வந்தது உன் பெயர் இல்லை. ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள் என்பதும் இல்லை. "கதவு தெறந்துதான் இருந்துச்சு, அவ ரொம்ப வேகமா வந்துட்டா" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. சொல்லிவிட்ட பிறகு அதை விட்டு இறங்கத் தெரியவில்லை. போலீசிலும் அதையேதான் சொன்னேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நீ கண் விழித்து, காலில் கட்டோடு என்னைப் பார்த்துக் கேட்டாய். "தெரு மொனையில திரும்பினதுதான்டி ஞாபகம் இருக்கு. அதுக்கு மேல ஒண்ணுமில்ல. நான் வேகமா வந்தேனா?"

அந்த அறையில் உன்னையும் என்னையும் தவிர யாருமில்லை. போலீசு இல்லை, கூட்டம் இல்லை, பயப்படுத்த ஒரு ஈ காக்கா இல்லை. உண்மையைச் சொல்ல அதைவிட லேசான இடம் கிடைக்காது. உன் போர்வையைச் சரிசெய்வது மாதிரி குனிந்துகொண்டு, "கொஞ்சம் வேகம்தான்" என்றேன்.

கட்டுப் போட்ட காலை நீ ஒருமுறை பார்த்தாய். அப்புறம், "தீபாவளி நேரத்துல உன் புதுக் கார் கதவை வேற ஒடிச்சிட்டேன். மன்னிச்சிக்கடி" என்றாய். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுதேனே தவிர, மறுநாளும் சொல்லவில்லை.

மூன்று மாதத்தில் கட்டைப் பிரித்தார்கள். கால் சேர்ந்துவிட்டது, நடையில் லேசான தாங்கல் மட்டும். ஆனால் நீ மோட்டாரைத் தொடவில்லை. மாடிப்படிக்குக் கீழே உறை போட்டு நிறுத்திவிட்டாய். நான் எவ்வளவோ சொன்னேன், "எடுத்து ஓட்டுடி, ஒண்ணும் ஆவாது" என்று. "இல்லடி, எனக்கே தெரியாம வேகமா போயிருக்கேன் பாரு. அப்ப என் கையை நான் எப்படி நம்பறது?" என்றாய். அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. பிறை முழுக்க உன்னைப் போல் நிதானமாக ஓட்டுகிறவள் கிடையாது என்று எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் பின்னால் உட்கார்ந்து வேகமானி முள்ளை எட்டிப் பார்த்தவள் நான்.

அதற்குப் பிறகு உன்னை என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரே ஷிப்டுக்கு நானே எழுதிக் கொடுத்து மாறினேன். ஊரில் எல்லாரும் என்னைப் பெரிய மனசுக்காரி என்றார்கள். நீயும் சொன்னாய்.

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நீ எனக்குக் கண்ணாக இருந்தாய். "எடது பக்கம் ஒருத்தன் வர்றான், விடு." "சிக்னல் போட்டுட்டு மூணு எண்ணு, அப்புறம் திரும்பு." "மழை வருது பாரு, மோட்டார்காரனுங்க எல்லாம் மேம்பாலத்துக்கு அடியில ஒதுங்க ஓரமா வெட்டுவானுங்க, கொஞ்சம் மெதுவா போ." காருக்குள் இருந்தும் நீ மோட்டாரில்தான் போய்க்கொண்டிருந்தாய். இன்றைக்கு நான் சாலையில் பார்ப்பது எல்லாம் நீ அந்தச் சீட்டில் உட்கார்ந்து காட்டிக் கொடுத்ததுதான்.

ஒன்றை மட்டும் நானாகக் கற்றுக்கொண்டேன். கதவை வலது கையால் திறக்க என்னால் முடியவில்லை. கைப்பிடியில் வலது கை பட்டாலே அந்தச் சத்தம் கேட்கும். அதனால் இடது கையை நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டித் திறக்க ஆரம்பித்தேன். அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், கண் தானாகப் பின்னால் போகும், கதவும் ஒரு சாணுக்கு மேல் சட்டென்று திறக்காது.

ஒரு வாரம் பார்த்துவிட்டு நீ கேட்டாய். "ஏன்டி எடது கையால தெறக்கிற? வலது கைக்கு என்ன?"

"தோள் வலி" என்றேன்.

மறுநாள் காலையில் இந்தத் தைலக் குப்பியோடு வந்தாய். கார் நிறுத்துமிடத்தில், ஷிப்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, என் வலது தோளில் சட்டைக் கழுத்தை விலக்கித் தேய்த்துவிட்டாய். "இங்கயா? இங்கயா?" என்று கேட்டுக் கேட்டுத் தேய்த்தாய். வலிக்காத இடத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் இரண்டு நாள் இல்லை. மறக்காமல், வாரத்துக்கு இரண்டு முறையாவது, உனக்கே உடம்பு முடியாமல் போகிறவரை. உன் வீட்டில் எல்லாருக்கும் என் தோள் வலி தெரியும். உன் மகள் என்னைப் பார்த்தாலே, "ஆண்ட்டி, தோளு எப்படி இருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது உன் முகம் வீங்கியிருந்தது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன என்று சொல்லியிருந்தார்கள். உன் மகள் நம் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்து, உன் மோட்டாரின் உறையைக் கழற்றி, அதில்தான் பாலத்தைக் கடந்து வருகிறாள் என்று உனக்கு ஒரே கவலை. "நீ சொன்னா கேப்பாடி. அம்மா வேகமா போயி விழுந்தவ, அவளும் அப்படிப் போக வேணாம்னு சொல்லு" என்று என் கையைப் பிடித்தாய். "சொல்றேன்" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் பார். நீ போகிற வழிக்கும் அந்தப் பொய்யைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

போன வாரம் கம்பெனியில் பாதுகாப்பு வாரம். கார் ஓட்டுகிறவர்களைக் கூட்டி வைத்து, சாலையில் மோட்டார் சைக்கிள்காரர்களைக் கவனிப்பது பற்றிப் பேச ஆள் தேடினார்கள். பாதுகாப்புப் பிரிவில் இருக்கும் பெண் என்னிடம் வந்து, "அக்கா, நீங்கதான் சரி. உங்க பிரண்டு விழுந்ததை வச்சே சொல்லுங்க. மோட்டார் ஓட்டறவங்களும் வருவாங்க, வேகமா வரக்கூடாதுன்னு அவங்களுக்கும் ஒரு பாடமா இருக்கும்" என்றாள். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கவில்லை.

கேண்டீனில்தான் கூட்டம். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் இருந்ததால் மலாயில் பேசினேன். பின்னால் பார்க்காமல் திரும்பாதீர்கள், சிக்னல் போட்டு மூன்று எண்ணுங்கள், மழை வந்தால் அவர்கள் ஒதுங்க இடம் கொடுங்கள் என்று உன் பேச்சையெல்லாம் என் பேச்சாகச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டார்கள். பிறகு ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கார்க் கதவை இடது கையால் எப்படித் திறப்பது என்று செய்து காட்டினேன்.

மூன்றாவது வரிசையில் உன் மகள். அவள் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் தமிழில், சிரித்துக்கொண்டே சொன்னது எனக்குக் கேட்டது. "ஆண்ட்டி சும்மா கதை விடறாங்கலா. அவங்களுக்குத் தோள் வலி, அதான் எடது கை. எங்கம்மாதான் தைலம் தேய்ச்சு விடுவாங்க."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உன் விரல்கள் என் தோளில் அழுத்துவதுபோல் இருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து, எனக்குத் தோள் வலி கிடையாது என்றேன். என் தோழியின் காலை ஒடித்தது என் கதவு, அது முன்பே திறந்திருக்கவில்லை, அவள் வரும்போதுதான் நான் பார்க்காமல் திறந்தேன், அவள் வேகமாக வந்தாள் என்று நான் சொன்னது பொய் என்றேன். மலாயில் சொன்னதால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். தமிழில் என்றால் தொண்டைக்கு மேல் வந்திருக்காது. யாரும் கை தட்டவில்லை. பாதுகாப்புப் பிரிவுப் பெண் கையிலிருந்த தாள்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

ஷிப்டு முடிந்து மோட்டார் கொட்டகைப் பக்கம் போனேன். உன் மகள் உன் வண்டியின் மேல் சாய்ந்து எனக்காகத்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட இதைச் சொன்னீங்களா ஆண்ட்டி?"

"இல்லம்மா."

"ஏன்?"

"பயந்துட்டேன். அவ என்கிட்ட பழையபடி பேச மாட்டாளோன்னு."

அவள் அழுவாள் அல்லது கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டுமில்லை. உன்னைப் போலவே கீழுதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "பேசியிருப்பாங்க ஆண்ட்டி. ரெண்டு நாளு திட்டியிருப்பாங்க. மூணாவது நாளு மோட்டாரை எடுத்திருப்பாங்க."

நான் உன் நட்பை மட்டும்தான் பிடித்து வைத்துக்கொண்டேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். உன் வண்டியை நான்தான் பிடுங்கியிருக்கிறேன். உறையின் மேல் கை வைத்துக்கொண்டு நீ மாடிப்படியில் நிற்பாயே, அந்த ஒவ்வொரு நாளும் என் கணக்கில்தான் வரும்.

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். உன் ஜேக்கெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அந்த வெள்ளைப் பட்டை நெஞ்சில் வந்தது. முதுகில் ஜிப் திறந்து கிடந்தது. என் கை தானாக அந்தப் பக்கம் போயிற்று. பாதியில் இழுத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் போட்டிருப்பேன், அவள் கேட்கவில்லை. ஜேக்கெட் முதுகில் இரண்டு பக்கமும் அடித்துக்கொள்ள, நிதானமாகத்தான், உன்னைப் போலவே கம்பெனி கேட்டில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போனாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. ஒரு வாரம் ஆகிறது. ஆண்ட்டி தோளு எப்படி இருக்கு என்று யாரும் கேட்பதில்லை.

இன்று காலை கம்பெனியில் வண்டியை நிறுத்தி, எண்ணெய்ப் பிசுக்கோடு இடது கையை நீட்டினேன். உடம்பு திரும்பியது. பின்னால் ஒரு மோட்டார் வந்துகொண்டிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஓட்டிவந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை, தன்பாட்டுக்குப் போய்விட்டார். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே திரும்பி உட்கார்ந்திருந்தேன். தைல வாசனை மூக்கில் ஏறியது. குப்பியைத் துடைத்து, மூடியை இறுகத் திருகி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். தூக்கிப் போட எனக்கு உரிமையில்லை.

காலில் கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் ஒன்று கேட்டாயே, அதற்கு இன்னும் நான் உன்னிடம் பதில் சொல்லவில்லை. கேண்டீனில் நூறு பேருக்கு முன்னால் மலாயில் சொன்னது பதிலாகாது. நீ தமிழில்தான் கேட்டாய்.

இல்லடி. நீ வேகமா வரல.